விதவைக் காணி பற்றி நான் எழுதிய ஒரு பக்கம்

எங்கள் அலுவலகத்தில் புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் உங்களில் ஒருவர் சென்ற வாரம் தொலைபேசியில் கேட்டார்: "அங்கிள், என்னைத் தேவாலயக் காணிப் பிரிவிலை போட்டிருக்கினம். அதிலை என்ன இருக்கு? எல்லாம் பழைய பேப்பர்தானே?"

ஓம், எல்லாம் பழைய பேப்பர்தான். ஒஸ்லோவில் அந்தப் பேப்பர்களோடு பதினொரு வருடம் இருந்தேன். முதுகு ஒத்துழைக்க மறுத்ததால் இந்த வசந்தத்தில் வயதுக்கு முன்பே ஓய்வு வாங்கிக்கொண்டேன். அந்தப் பிள்ளைக்கு அன்று நல்ல பதிலாக எதுவும் சொல்ல வரவில்லை. அதனால் உங்கள் எல்லோருக்குமாக எழுதுகிறேன்.

கோப்பை எப்படித் தேடுவது, பழைய கையெழுத்தை எப்படி வாசிப்பது என்பதெல்லாம் அலுவலகத்தில் சொல்லித் தருவார்கள். நான் எழுதப்போவது நான் விட்ட ஒரு பிழையைப் பற்றி. நோர்வேயின் வடக்கு மூலையில், ஹம்மர்பெஸ்டில், மீன் தொழிற்சாலையில் வேலை செய்த காலத்திலிருந்து எனக்கு நாட்குறிப்பு எழுதும் பழக்கம் உண்டு. ஆகவே கிழமைகளையும், ஆட்கள் சொன்னவற்றையும் நீங்கள் நம்பலாம்.

முதலில் காணியைப் பற்றிக் கொஞ்சம். முன்பு ஒவ்வொரு தேவாலயத்துக்கும் காணி இருந்தது. போதகரின் சீவியம் அந்தக் காணியில்தான். இங்கிலாந்தின் பழைய கிராமங்களில் தேவாலயத்துக்கு ஒரு புரவலர் இருப்பார், பெரும்பாலும் ஊர்ப் பிரபு. யார் போதகராக வரவேண்டும் என்று பெயர் சொல்லும் உரிமை அவருக்கு. நோர்வேயில் போரால் கஜானா வற்றிப்போன ஓர் அரசன் தேவாலயங்களையே விற்றான். மரவியாபாரிகளும் படை அதிகாரிகளும் வாங்கினார்கள். கட்டடத்தோடும் காணியோடும் அந்தப் புரவலர் உரிமையும் அவர்களிடம் போயிற்று.

இதை முதன்முதலில் வாசித்தபோது எனக்கு எதுவும் புதிதாகத் தெரியவில்லை. யாழ்ப்பாணத்தில் என் அப்பாவின் குடும்பத்துக்கு ஒரு சின்னக் கோயில் இருந்தது. பெரியப்பாதான் முதலாளி. ஐயரை வைப்பவரும் அவர், நிறுத்துபவரும் அவர். திருவிழா உபயம் எந்தக் குடும்பத்துக்கு என்று முடிவு செய்பவரும் அவர். ஒரு கோயில் ஒரு குடும்பத்துக்குச் சொந்தமாக இருப்பது எப்படி என்று என்னோடு வேலை செய்த நோர்வேஜியர்கள் மண்டையைப் போட்டு உடைத்துக்கொண்டிருந்தபோது, நான் சிரித்துக்கொண்டே கோப்பை வாங்கி வைத்தேன். காலப்போக்கில் புரவலர் என்ற சொல் வரும் கோப்புகள் எல்லாம் என் மேசைக்கே வந்தன. அதில் எனக்குப் பெருமையும் இருந்தது.

இரண்டாயிரங்களின் நடுப்பகுதியில், ஓர் இலையுதிர் காலத்தில், ஒஸ்லோவிலிருந்து இரண்டரை மணி நேரத் தூரத்தில் உள்ள ஒரு பள்ளத்தாக்கின் கோப்பு வந்தது. தேவாலயத்துக்குப் பக்கத்தில் ஒரு சிறிய மரவீடு, ஒரு களஞ்சியம், கொஞ்சம் புல்வெளி. பழைய வரைபடத்தில் அதற்குப் பெயர் விதவைக் காணி. போதகர் இறந்தால் அடுத்த போதகர் வந்துவிடுவார், வீட்டை விட்டுக் கொடுக்க வேண்டும். அவருடைய மனைவி எங்கே போவாள்? அதற்காக ஒரு புரவலர் ஒதுக்கிக் கொடுத்த நிலம் அது.

இப்போது அங்கே இருந்தவர் தூரா. வயது எழுபத்தாறு. போதகரின் மனைவி அல்ல. அவருடைய கணவர் ஹாரல்ட் அந்தத் தேவாலயத்தில் மணியடித்தவர், பாட்டை எடுத்துக் கொடுத்தவர். அங்கே இருக்கப் போதகர் விதவை எவரும் இல்லாததால், வேலையோடு சேர்த்து அந்த வீட்டை அவருக்குக் கொடுத்திருந்தார்கள். அந்த வருடக் கோடையில் அவர் இறந்துபோனார். பக்கத்துப் பண்ணைக்காரர் காணியை வாங்கக் கேட்டிருந்தார். தூராவுக்கு அங்கே இருக்க உரிமை உண்டா என்று நான் ஒரு பக்கம் எழுதவேண்டும்.

நான் புரவலரின் வழியைப் பிடித்தேன். மகன், பேரன், பேரனின் மகள். அவளோடு வம்சம் முடிந்துவிட்டது. கொடுத்த குடும்பம் இல்லை, யாருக்காகக் கொடுத்தார்களோ அந்தப் போதகர் விதவைகளும் இல்லை. வீடு ஹாரல்டின் வேலைக்காகக் கிடைத்தது. வேலை அவரோடு போயிற்று. ஆகவே உரிமை எதுவும் மிச்சமில்லை. பக்கம் அழகாக வந்தது. எங்கள் பிரிவுத் தலைவி மாரித் வாசித்துவிட்டு, "இவ்வளவு தெளிவா ஒருத்தரும் எழுதுறேல்லை," என்றார். (நோர்வேஜிய மொழியில் எல்லோரும் எல்லோரையும் ஒரே மாதிரித்தான் அழைப்பார்கள். அவர்கள் பேசியதை என் பேச்சில் எழுதும்போது எனக்குக் கை வரும் மரியாதையோடு எழுதுகிறேன்.) அந்தப் பக்கத்தை வைத்துத் தூராவுக்கு ஒரு கடிதம் போனது. ஈஸ்டருக்கு முன் வீட்டை ஒப்படைக்கவேண்டும்.

தூராவின் பதில் ஒரு வாரத்தில் வந்தது. நான்கு வரி. கடிதத்துக்கு நன்றி. பெப்ரவரி முடிவதற்குள் போய்விடுகிறேன். புகைக்கூடு சென்ற வருடம் துப்புரவு செய்யப்பட்டது. களஞ்சியத்தின் வடக்குக் கதவைத் தூக்கித் தள்ளினால்தான் மூடும்.

அன்றைய நாட்குறிப்பில் நான் எழுதியிருப்பது: "பிரச்சினை கொடுக்காத ஆள்." அதை இன்று வாசிக்கக் கூச்சமாக இருக்கிறது. வெட்டிவிடவில்லை.

பிள்ளைகளே, ஒருவர் சண்டை பிடிக்காமல் போகிறார் என்றால் நாம் எழுதியது சரி என்று நினைத்துவிடுவோம். எதிர்த்துக் கேட்கிறவர் நமக்காக நம் வேலையைத் திரும்பச் சரிபார்க்கிறார். பேசாமல் போகிறவருக்கு அதையும் நாம்தான் செய்யவேண்டும். எனக்கு அப்போது அது தெரியவில்லை.

பெப்ரவரி நடுவில், ஒரு புதன்கிழமை, மதியச் சாப்பாட்டு அறையில் பாலாஜி எனக்கு முன்னால் வந்து இருந்தான். சென்னைப் பிள்ளை, எங்கள் வரைபடங்களைக் கணினியில் ஏற்றுவதற்காக வந்தவன். முதல் மாதம் என்னை "சார்" என்றான். வேண்டாம் என்றேன். பிறகு "அண்ணா" ஆனேன். அவன் தயிர்சாதம் கொண்டுவருவான், நான் பாணும் சீஸும்.

"அண்ணா, அந்த விதவைக் காணி மேப் முடிச்சிட்டேன். வெள்ளிக்கிழமை சேல் டீட் சைன் பண்றாங்களாமே," என்றான். "ஒரு டவுட். அந்தப் புரவலர் ஃபேமிலி போயிட்டா, சர்ச் யாருக்குப் போச்சு?"

"ஆருக்கும் போகேல்லை. வம்சம் முடிஞ்சுது."

"வம்சம் முடிஞ்சா சர்ச் காத்துலயா நிக்கும்? யாரோ வாங்கியிருக்கணும்ல?"

"தம்பி, கோயில் எண்டா குடும்பத்தின்ரை. குடும்பம் இல்லையெண்டா…" நான் அங்கேயே நின்றுவிட்டேன்.

"உங்க ஊர்ல கோயில் குடும்பத்துக்கா அண்ணா?" அவன் கரண்டியை வைத்துவிட்டு உண்மையாகவே ஆச்சரியப்பட்டான். "எங்க ஊர்ல பெரிய கோயில் நிலம் எல்லாம் கவர்ன்மென்ட் பாத்துக்குது. இல்லன்னா ஊர்க்காரங்க கமிட்டி. ஒரு குடும்பம் 'இது என் கோயில்'னு சொன்னா அடிதடிதான் நடக்கும்."

கடித்த பாணைத் தட்டில் வைத்தேன். 

நான் புரவலரின் வம்சத்தைத் தேடினேன். தேவாலயம் யாரிடம் போனது என்று தேடவே இல்லை. நோர்வேயின் பல இடங்களில் பிற்காலத்தில் ஊர் மக்கள் ஒன்றுசேர்ந்து தங்கள் தேவாலயத்தைப் புரவலரிடமிருந்து திரும்ப வாங்கினார்கள். அது எனக்குத் தெரியும். மற்றவர்களின் கோப்புகளில் வாசித்திருக்கிறேன். ஆனால் இந்தக் கோப்பை நான் வாசித்தது பெரியப்பாவின் கண்ணால். அந்தக் கண்ணுக்குக் கோயில் குடும்பத்தை விட்டு வேறு எங்கும் போகாது.

அன்று பின்னேரம் நாங்கள் இருக்கும் மோர்டென்ஸ்ருட் வரைக்கும் ரயிலில் வந்ததே தெரியவில்லை. வீட்டில் என் மனைவி வசந்தா உடுப்பு மடித்துக்கொண்டிருந்தா. ரொம்மனில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை செய்பவ. சொன்னேன்.

"அந்த மனுசிக்கு எத்தினை வயசு?"

"எழுபத்தாறு."

"புருஷன் செத்து?"

"எட்டு மாதம்."

அவ ஒரு துவாயை மடித்து முடித்தா. பிறகு கேட்டா: "உங்கட கோயிலிலை மாலை கட்டினவர் ஒராள் இருந்தாரெல்லே? அந்தாள் செத்த பிறகு மனுசி எங்கை போனவ?"

 மாலை கட்டியவருக்குக் கோயில் காணியில் ஒரு கொட்டில் வீடு கொடுத்திருந்தார்கள். முப்பத்தொராம் நாள் அந்தியேட்டி முடிந்து சில மாதங்களில் அந்த அம்மா தங்கை வீட்டுக்குப் போய்விட்டா. பெரியப்பா கத்தவில்லை, மிரட்டவில்லை. "இனி என்ன, பிள்ளை, ஆயத்தப்படுத்து," என்றுதான் சொன்னார். எங்கள் வீட்டில் யாருக்கும் அது தவறாகத் தெரியவில்லை. பெரியப்பா மரியாதையாக நடந்துகொண்டார் என்றுதான் பேசிக்கொண்டார்கள்.

"பெரியப்பா சொன்னதை நீங்கள் நோர்வேஜியனிலை எழுதி முத்திரை குத்தி அனுப்பியிருக்கிறியள், அவ்வளவுதான்," என்றா வசந்தா. சொல்லிவிட்டு அடுத்த துவாயை எடுத்தா. "நாளைக்கு லீவு போட்டிட்டுப் போங்கோ. போய்ப் பாருங்கோ. கம்பளிக் கையுறையை மறந்திடாதேங்கோ."

வியாழன் காலை முதல் ரயிலும் பிறகு ஒரு பஸ்ஸும் பிடித்துப் போனேன். தேவாலயத்தைத் திறந்துவிட்டவர் குன். ஹாரல்டுக்குப் பிறகு மணியடிக்க வந்தவர். நாற்பது வயதுப் பெண். ஊர்க் கூட்ட முடிவுகளை எழுதிவைத்த பழைய கூட்டப் புத்தகங்கள் எங்கே என்று கேட்டேன்.

"போதகர் உடுப்பு மாத்திற அறையிலை ஒரு அலுமாரி இருக்கு. நத்தார் அலங்காரத்துக்குப் பின்னாலை," என்றார். "ஏன், தூராவின்ரை வீட்டு விஷயமோ?"

"ஓம்."

"அவ பூனையைக் கூடக் குடுத்திட்டா. போற இடத்திலை பூனை வைச்சிருக்க விடமாட்டினமாம்."

கிறிஸ்துமஸ் அலங்காரத்துக்கு வைக்கும் வைக்கோல் ஆடுகளையும் நட்சத்திரங்களையும் எடுத்து நிலத்தில் வைத்தோம். பின்னால் நான்கு புத்தகங்கள். மூன்றாவதில் இருந்தது. புரவலரின் பேரனிடமிருந்து ஊர் மக்கள் தேவாலயத்தை வாங்கியிருக்கிறார்கள். வாங்கியபோது அதன் கடமைகளையும் சேர்த்தே ஏற்றிருக்கிறார்கள். சில பக்கம் தள்ளி இன்னொரு கூட்டம். அதில் விதவைக் காணியைப் பற்றிப் பேசியிருக்கிறார்கள்: போதகரின் விதவை இல்லாத காலத்தில், மணியடிப்பவரின் விதவைக்கு அந்த வீடு, அவள் உயிரோடு இருக்கும் வரை. கீழே பதினாறு கையெழுத்து. சிலருக்கு எழுதத் தெரியாது. கையெழுத்துக்குப் பதிலாகத் தங்கள் வீட்டுக் குறிகளை வரைந்திருந்தார்கள்.

மூன்று தடவை வாசித்தேன்.  தொலைபேசியில் மாரித்தை அழைத்தேன்.

"மாரித், விதவைக் காணி பற்றி நான் எழுதின பக்கம் பிழை."

"எவ்வளவு பிழை?"

"முழுக்க."

 "நாளைக்குப் பன்னிரண்டு மணிக்குக் கையெழுத்து. பண்ணைக்காரர் சட்டத்தரணியோடை வாறார். இப்ப சொல்லுறியள்."

"இப்பதான் கண்டனான்."

"என்னத்தைக் கண்டனியள்? காணி உறுதிப் பத்திரமோ?"

"கூட்டப் புத்தகம்."

"அது பத்திரம் இல்லையே. கேளுங்கோ, நாளைக்குக் கையெழுத்து நடக்கட்டும். நீங்கள் வந்து அவசரப்படாமல் ஒரு குறிப்பு எழுதுங்கோ. சட்டப் பிரிவு பாக்கட்டும். ஏதும் இருந்தா பிறகு திருத்தலாம்."

அவர் கெட்டவர் அல்ல. தனக்குக் கீழே வேலை செய்பவனுக்கு ஒரு மரியாதையான வழியைத் திறந்துவிட்டார். அந்த வழியால் போயிருந்தால் எவரும் என்னைக் குறை சொல்லியிருக்கமாட்டார்கள். எனக்கும் அதில் கால் வைக்க ஆசை வந்தது என்பதை உங்களுக்கு மறைக்கமாட்டேன். பதினைந்து விநாடி இருக்கும். குன் ஒரு வைக்கோல் ஆட்டைக் கையில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டு நின்றார்.

அந்தப் பதினைந்து விநாடியில் நான் யோசித்தது இவ்வளவுதான். இன்று பிழை எங்கள் கையில் இருக்கிறது. நாளைக் கையெழுத்துக்குப் பிறகு அதை நிரூபிக்கவேண்டியவர் தூரா. இந்தப் புத்தகம் இருப்பதே அவருக்குத் தெரியாது.

"மாரித், கையெழுத்து வைச்சா அந்த மனுசிதான் எங்களோடை வழக்காட வேணும். அவ வழக்காடமாட்டா. புகைக்கூடு துப்புரவாக்கியாச்சு எண்டு எழுதின ஆள் அவ."

"எழுதித் தருவியளோ? உங்கட பேரிலை?"

"இப்பவே."

"பண்ணைக்காரர் என்னைத்தான் திட்டுவார்."

"என்னைத் திட்டச் சொல்லுங்கோ. நம்பர் குடுங்கோ."

"குடுக்கத்தான் போறன்," என்று சொல்லி வைத்துவிட்டார். தேவாலயத்தின் பங்கு அலுவலகத்தில் இருந்த தொலைநகலில் என் கையால் எழுதிய ஒரு பக்கம் போனது. முதல் வரி: நான் முன்பு எழுதியது பிழை. காரணங்கள் அதற்குக் கீழே. அந்த வரிசையை மாற்றாதீர்கள். காரணத்தை மேலே எழுதிக்கொண்டு வந்தால், பிழை என்ற சொல்லுக்கு வந்து சேர்வதற்குள் வாசிப்பவர் களைத்துவிடுவார். எழுதுபவருக்கும் மனம் மாறிவிடும்.

பின்னால் நடந்ததை இங்கேயே சொல்லிவிடுகிறேன். கையெழுத்து நின்றது. சட்டப் பிரிவு இரண்டு மாதம் எடுத்து, புத்தகத்தில் உள்ளது செல்லும் என்றது. பண்ணைக்காரர் என்னை அழைத்து நன்றாகத் திட்டினார். திட்டியதில் பாதி நியாயம். மாரித் ஆறு வாரம் என்னோடு காலநிலையைப் பற்றி மட்டும் கதைத்தார். பிறகு ஒருநாள் ஒரு பழைய புரவலர் கோப்பைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்துவிட்டு, "இதைப் பாலாஜியோடை சேந்து பாருங்கோ," என்றார். அது தண்டனை என்று அவர் நினைத்திருக்கலாம். எனக்கு அப்படிப்படவில்லை.

ஆனால் அந்த வியாழக்கிழமை இன்னும் முடியவில்லை. தேவாலயத்திலிருந்து தூராவின் வீடு ஐந்து நிமிட நடை. கடிதத்தில் சொல்லலாம் என்று குன் சொன்னார். ஏற்கெனவே ஒன்று கடிதத்தில் சொல்லியாயிற்று என்றேன்.

தூரா உயரமானவர், நேராக நிற்பவர். வீடு முழுக்கப் பெட்டிகள். இரண்டு கோப்பிக் கோப்பைகள் மட்டும் கட்டாமல் இருந்தன. இன்னார் என்று சொன்னேன்.

"கடிதம் எழுதினது நீங்களோ?"

"நான்தான்."

"நல்ல கடிதம். நான் பள்ளிக்கூடத்திலை படிப்பிச்சனான். சிவப்புப் பென்சிலோடை வாசிச்சனான். ஒரு எழுத்துப்பிழை இல்லை."

"விஷயம் பிழை," என்றேன். "நாளைக்கு விக்கிறேல்லை. நீங்கள் போகத் தேவையில்லை. கடைசி முடிவு சட்டப் பிரிவு சொல்ல வேணும். ஆனா அதுவரைக்கும் உங்களை ஒருத்தரும் இந்த வீட்டிலையிருந்து எழுப்பேலாது."

அவர் கோப்பியை ஊற்றி முடித்தார். ஒரு சொட்டும் சிந்தவில்லை. நான் புத்தகத்தில் இருந்ததைச் சொன்னேன். கையெழுத்துகளையும் வீட்டுக் குறிகளையும் சொன்னேன்.

"நாப்பத்தொரு வருஷம் நான் இதை ஹாரல்டின்ரை வேலை வீடு எண்டுதான் நினைச்சனான்," என்றார். "அவர் மூச்சு நிண்ட அண்டே, இனி இது எங்கட வீடு இல்லை எண்டு நினைச்சன். செத்தவீட்டுக்கு வந்த ஆக்களுக்குக் கோப்பி குடுக்கேக்கையும், வேறை ஆரின்ரையோ வீட்டிலை நிண்டு குடுக்கிற மாதிரித்தான் இருந்தது."

"அவர் இருக்கேக்கை வேலை வீடுதான்," என்றேன். "அவர் செத்த அண்டுதான் இது உங்கட வீடா வந்தது."

அவர் கோப்பையை மேசையில் வைத்தார். மேசையின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வெகுநேரம் இருந்தார். நான் என் கையுறைகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த நேரத்தில் ஆறுதலாக எதையாவது சொல்லிவிடவேண்டும் என்று தோன்றும். சொல்லாதீர்கள். பிழை விட்டவன் ஆறுதல் சொன்னால், கேட்பவர் அவனுக்கும் சேர்த்து ஆறுதல் சொல்லவேண்டி வரும்.

"பூனையைத் திருப்பிக் கேக்கேலாதோ?" என்று மட்டும் பிறகு கேட்டேன்.

"ஏலாது. அந்த வீட்டுப் பிள்ளையள் அதுக்கு வேறை பேர் வைச்சிட்டினம்." கோப்பையைத் தள்ளி வைத்துவிட்டு, "உங்கட பிழையிலை அது ஒண்டு திரும்பி வராது," என்றார். கோபமாகச் சொல்லவில்லை. கணக்கில் விட்ட இலக்கத்தைக் காட்டும் ஆசிரியையின் குரல்.

"ஓம்," என்றேன்.

அவர் எழுந்து ஒரு பெட்டியைத் திறந்தார். வெள்ளைத் திரைச்சீலைகள், மடிப்புக் கலையாமல். ஒன்றை உதறிவிட்டு யன்னலைப் பார்த்தார்.

"எனக்குப் பிறகு இந்த வீட்டிலை ஆர்?"

"மணியடிக்கிறவரின்ரை விதவை."

"இப்ப மணியடிக்கிறது குன். அவளின்ரை புருஷன் ஊலா, அடுத்த வீட்டுக்காரர் வந்து சொல்லித்தான் அடுப்பு மூட்டுவான். அவன் தனிய மிஞ்சினா? அவனுக்கும் இந்த வீடோ?"

புத்தகத்தில் எழுதிய பதினாறு பேருக்கும் அது தோன்றியிருக்காது. அலுவலகத்தில் என்றால் ஒரு பக்கம் எழுதிக் கொடுத்திருப்பேன், எழுத்துப்பிழை இல்லாமல்.

"தெரியாது," என்றேன்.

தூரா முதன்முறையாகச் சிரித்தார். "உங்கட கந்தோரிலையிருந்து எனக்கு எத்தினையோ கடிதம் வந்திருக்கு. தெரியாது எண்டு ஒண்டிலையும் இருந்ததில்லை." தான் இருந்த கதிரையை யன்னலடிக்கு இழுத்தார். "நான் கதிரையிலை ஏறப் போறன். இதை இறுக்கிப் பிடியுங்கோ. கடைசி பஸ் நாலரைக்கு. ஆறு யன்னல் இருக்கு."